வெளிமானின் வெளி: கோடிக்கரையில் ஒரு நடை, சில குறிப்புகள்

வேலை விஷயமா கலிபோர்னியாவில் இரண்டு வருஷம் குடும்பத்தோட இருந்தோம். சனிக்கிழமையானா காட்டுல நடக்கறது அங்கே ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. எங்களுக்குப் பிடிச்ச இடம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிற மியூர் வுட்ஸ். சுமார் 250 அடி வரைக்கும் வளர்ந்த செம்மரங்கள். நம்ம ஆந்திரச் செம்மரம் இல்லை, ரெட்வுட். கீழே மரப்பலகை போட்ட பாதை, அதனால சின்னவனும் அடம் பிடிக்காம நடப்பான். அங்கிருந்து டிப்சீ பாதையில ஏறினா கொஞ்ச நேரத்துல காடு சட்டுனு முடிஞ்சு, கடல் பார்த்த புல்வெளி வந்துடும். நான் அந்தப் புல்வெளியை ரெண்டு காட்சிக்கு நடுவுல வர்ற இடைவேளை மாதிரிதான் கடந்தேன். போட்டோ எல்லாம் மரத்துக்குத்தான். புல்லுக்கு ஒண்ணுகூட இல்லை.

போன டிசம்பர்ல ஊருக்கு, அதாவது வேளாங்கண்ணிக்கு வந்தப்போ பெரியவ கேட்டா: "அப்பா, இங்க நடக்கறதுக்குக் காடு இல்லையா?"

வேளாங்கண்ணிக்காரன்கிட்ட நடக்கறதைப் பத்திக் கேட்கலாமா! ஆகஸ்ட் கடைசியில கொடியேற்றம் நெருங்கினாலே காவி உடுத்தி, கொடி பிடிச்சு, எங்கெங்கிருந்தோ ஜனம் நடந்து வந்து சேரும். தெற்கே வேதாரண்யத்துக்கு 1930 ஏப்ரல்ல ராஜாஜி தலைமையில திருச்சியிலிருந்து பதினஞ்சு நாள் நடந்து வந்து, அகஸ்தியம்பள்ளியில உப்பு அள்ளினாங்க. வேண்டுதலுக்கு நடப்போம், உப்புக்கு நடப்போம். சும்மா காத்து வாங்க, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நடக்கிறதுதான் நமக்குப் புதுசு. கோடிக்கரை இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்குப் பூங்குழலியோட ஊர். நாப்பது வயசு தாண்டியும் நான் அங்கே உள்ளே போய் நடந்ததில்லை.

கிளம்பும்போது மாமா சிரிச்சார். "அந்த வெத்து வெளியில என்னத்தைப்பா பாக்கப் போறீங்க?"

இந்தக் கேள்வியைத்தான் நாலு மாசமா கிளறிக்கிட்டு இருக்கேன்.

வனத்துறையில அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருத்தரோட உள்ளே போனோம். முதல்ல காடு. வறள் பசுமைமாறாக் காடுன்னு இதுக்குப் பேர். சோழமண்டலக் கரையோரம் துண்டு துண்டா மிஞ்சியிருக்கிற வகை. உப்புக் காத்து சீவிச் சீவி, மரமெல்லாம் பெரும்பாலும் ஒரு மாடி வீட்டு உயரம்தான். பாலை மரம்தான் அதிகம். பாலைப்பழம் கோடைக்குத்தான் வரும், வாயெல்லாம் பசை ஒட்டும்னு வழிகாட்டி சொன்னார். ரெட்வுட் பார்த்த பிள்ளைங்களுக்கு இந்த மரங்கள் பெரிசா படலை. ராமர் பாதம் போனோம். சுத்து வட்டாரத்துக்கே உயர்ந்த இடம், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய நாலு மீட்டர். "இதுதான் மலையா?"ன்னு சின்னவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அப்புறம் காடு முடிஞ்சது. மழை பெஞ்ச பச்சை, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் புல். தூரத்துல மட்டக்குதிரைகள் நாலஞ்சு. அதுக்கும் அப்பால கோடு போட்ட மாதிரி மான் கூட்டம். நடுவுல முறுக்கின கொம்போட ஒரு கறுப்பு ஆண்.

"வெளிமான், சார்" என்றார் வழிகாட்டி.

அந்தப் பேரை நான் முன்னாடியும் போர்டுல படிச்சிருக்கேன். அன்னைக்குத்தான் காதுல விழுந்தது. வெளியில வாழ்ற மான், அதனால வெளிமான். வீட்டைப் பேர்லயே வச்சிருக்கிற மிருகம். புள்ளிமான் மரத்தடியில ஒளிஞ்சு பிழைக்கும். இதுக்கு ஒளிய இடம் தேவையில்லை, பார்க்க இடம் வேணும். நரி வர்றதைத் தூரத்திலேயே கண்டு, ஓட்டத்தால தப்பிக்கிற ஜாதி. வெளி இல்லைன்னா அதோட கண்ணும் காலும் வீண்.

இப்போ மாமாவோட "வெத்து வெளி"க்கு வர்றேன். கோடிக்காட்டுல குழகர் கோயில் இருக்கு. சுந்தரர் பதிகம் பெற்ற தலம். அதுல அவர் சாமியைப் பார்த்து வருத்தப்படுறார்: கடல் காத்து அடிக்குது, ஆந்தைங்க அலறுது, பக்கத்துல நல்ல குடி எதுவும் இல்லை, இங்கே வந்து ஏன் தனியா உட்கார்ந்திருக்கே? ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய சாட்சியம்னு நான் இதை எடுத்துக்கறேன். அப்பவே இது வயல் இல்லை, ஊர் இல்லை. வண்டலும் வாய்க்காலுமா இருந்த காவிரி நாட்டுலேர்ந்து வந்த கண்ணுக்கு இந்த நிலம் ஆளில்லாத இடமாத்தான் தெரிஞ்சிருக்கு. மாமா சொன்னதைச் சுந்தரர் அழகா சொல்லியிருக்கார், அவ்வளவுதான்.

ஆனா நெல்லு நாட்டுலயும் புல்லுக்கு ஒரு கணக்கு இருந்தது. சோழர் காலத்து தானச் சாசனங்கள்ல நிலத்தோட சேர்த்துக் கொடுக்கிறதையெல்லாம் அடுக்கிக்கிட்டே போவாங்க: நன்செய், புன்செய், மேல்நோக்கின மரம், கீழ்நோக்கின கிணறு, மன்று, குளம்னு. அந்த அடுக்குல ஒரு சொல் வரும், 'கன்று மேய்பாழ்'. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது. பாழ்தான், உழாத நிலம்தான். ஆனா கன்னு மேயற பாழ். அதுக்கு ஒரு வேலை இருந்தது, அந்த வேலை பேர்லயே எழுதியிருந்தது.

வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டம் வந்ததும் வேலை போயி, வரி மட்டும் மிஞ்சுது. இன்னைக்கும் கிராமக் கணக்குல பாருங்க: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. நிலத்துல என்ன மேயுது, என்ன முட்டையிடுதுங்கறது கேள்வியே இல்லை; வரி போடலாமா கூடாதாங்கறதுதான் கேள்வி. சுதந்திரத்துக்கு அப்புறமும் அந்தக் கண்ணு மாறலை. மத்திய அரசு செயற்கைக்கோள் படம் வச்சுப் போட்ட தரிசு நில வரைபடத்துலகூட மேய்ச்சல் நிலமும் புதர் நிலமும் 'வேஸ்ட்லேண்ட்' வகைக்குள்ளதான் வருது. டேட்டாபேஸ்ல வேலை பார்க்கிறவனுக்கு இது நல்லாப் புரியும். ஒரு காலத்துக்குத் தப்பான பேர் வச்சுட்டா, அதுக்கப்புறம் எழுதற எல்லா புரோகிராமும் அந்தத் தப்பை நம்பித்தான் ஓடும்.

தரிசுன்னா அடுத்த வேலை என்ன? மரம் நடறது. சீமைக்கருவேலம் 1870-கள்ல இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது, விறகுக்கும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும். காயை ஆடு மாடு குதிரை தின்னும். விதை சாணத்தோட விழுந்து முளைக்கும். உப்பு, வறட்சி எதுவும் அதை ஒண்ணும் பண்ணாது. கோடிக்கரையில 1967-ல வெளிமானுக்காகத்தான் சரணாலயம் அறிவிச்சாங்க. பறவைகளுக்குப் பேர் வந்தது அப்புறம். 1980-கள்ல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி வலசையை ஆராய்ஞ்சது. 2002-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்தது. வேட்டைக்காரனைத் தடுக்கலாம், வேலி போடலாம். கருவேல விதையைத் தடுக்கச் சட்டத்துல வழி இல்லை. நாங்க போனப்போ ஒரு பக்கம் வேரோட பிடுங்கின குழிகள், இன்னொரு பக்கம் ஆள் நுழைய முடியாத முள்ளுப் புதர். "கருவை உள்ள வந்தா மான் வெளிய போயிரும் சார்" என்றார் வழிகாட்டி. அந்தப் புதருக்குள்ளே நரி எங்கே நிக்குதுன்னு மானுக்கு எப்படித் தெரியும்?

அந்த ராத்திரி, டிப்சீயில நான் இடைவேளைன்னு கடந்த புல்வெளியைப் பத்திப் படிச்சேன். அங்கேயும் இதே கதைதான், வேற மரம். அந்தக் கரையோரத்துப் பூர்வகுடிகளான மிவோக் மக்கள் புல்வெளியை அப்பப்போ தீ வச்சு எரிப்பாங்க. விதையும் கிழங்கும் மானும் கிடைக்கணும்னா புல்வெளி புல்வெளியாவே இருக்கணும். குடியேறினவங்க வந்து தீயை நிறுத்தினாங்க. புதரும் டக்ளஸ் ஃபிர் மரமும் மெதுவா இறங்கி வந்து பல இடத்துல புல்லை மூடிடுச்சு. ரெட்வுட் கதை எல்லாருக்கும் தெரியும்: பழைய காட்டுல நூத்துக்கு அஞ்சு பங்குதான் மிச்சம், மியூர் வுட்ஸ் தப்பிச்சது, கென்ட்னு ஒரு பணக்காரர் 1905-ல அதை விலைக்கு வாங்கி அரசுக்குக் கொடுத்ததால. கோடரி விழுந்தா சத்தம் கேட்கும், யாராவது ஓடி வருவாங்க. புல்லு மேல மரம் வளர்ந்தா சத்தமே இல்லை. பார்க்கிறவன் கைதட்டவும் செய்வான்.

கைதட்டினவன்ல நானும் ஒருத்தன். 2018 நவம்பர் 16-ல கஜா அடிச்சப்போ நான் பெங்களூர்ல இருந்தேன். வேதாரண்யம் பக்கம் தென்னையும் மாவும் சாய்ஞ்சு கிடந்த படங்கள், கோடிக்கரையில செத்துக் கிடந்த மான்கள், குதிரைகள். வாட்ஸ்அப் குழு ஒண்ணுல மரக்கன்னு நட நிதி திரட்டினாங்க. நல்ல மனுஷங்கதான். நானும் பத்தாயிரம் அனுப்பி, நாலு பேருக்கு ஃபார்வர்டும் பண்ணேன். கடற்கரையோரக் காலி நிலத்துல நடப்போறோம்னு அதுல ஒரு வரி இருந்தது. எந்தக் காலி நிலம்னு நான் கேட்கலை. தென்னை சாய்ஞ்ச தோப்புல நட்டிருந்தா நல்லது. புல்லு மேல நட்டிருந்தா? ஊருக்கு வந்தப்புறம் அந்தக் குழுவுல இருந்த ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டேன். "எங்கெங்கயோ நட்டோம் தம்பி, பாதி காஞ்சு போச்சு" என்றார். வாழ்க்கையில முதல் தடவையா, மரக்கன்னு காஞ்சதைக் கேட்டு மனசு கொஞ்சம் லேசாச்சு. வெளியில சொன்னா அடிக்க வருவாங்க.

சோழர் கால கலங்கரை விளக்கம்னு சொல்லிக்கிட்டிருந்த செங்கல் மேடு 2004 சுனாமியில போச்சு. அதையும் பிள்ளைங்களுக்குக் காட்ட முடியலை. திரும்பி வர்ற வழியில சின்னவன் வழிகாட்டியோட தோள்ல. பெரியவ மட்டும் பின்தங்கி நின்னு, என் போனை வாங்கிப் படம் எடுத்துக்கிட்டு இருந்தா. வீட்டுல வந்து பார்த்தேன். பதினாலு படம். மான் ஒண்ணுலகூடச் சரியா விழலை, அவ்வளவு தூரம். மத்ததெல்லாம் புல்லு, மேலே வானம்.

மாமாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா தள்ளினார். "எங்க அப்பா காலத்துல மாட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போவாங்கடா" என்றார். "கோரை எது, அருகு எதுன்னு கால்ல மிதிச்சே சொல்லுவார்." அதுவரைக்கும் அவர் இதை என்கிட்ட சொன்னதே இல்லை.

கோடையில மறுபடி போறோம். பாலைப்பழ சீசன். மாமாவும் வர்றதா சொல்லியிருக்கார்.