கூகிங் கலைஞர் இல்லம்

ஒரு கட்டடத்தின் வரலாறு கல்லிலும் சுண்ணாம்பிலும் மட்டும் அடங்குவதன்று. அதனுள் வாழ்ந்தோர் எப்பெயரால் அழைக்கப்பெற்றனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. இதற்குச் சான்றாவது, ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவை அடுத்துள்ள கூகிங் என்னும் சிற்றூரின் மனநோய் மருத்துவமனையில் இருந்த கட்டடம் ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய அம்மருத்துவமனை, நாட்சியர் ஆட்சியில் பெருங்கொடுமைக்கு இடமாயிற்று. 1940, 1941ஆம் ஆண்டுகளில் அங்கிருந்த நோயாளர் பல நூற்றுவர், சிறுவர் உட்பட, ஹார்ட்ஹைம் மாளிகைக்குக் கொண்டுசெல்லப்பட்டு நச்சுக் காற்றால் கொல்லப்பட்டனர். 'வாழத் தகுதியற்ற உயிர்' என்பதே ஆட்சியாளர் அவர்கட்கு இட்ட பெயர். அப்பெயரே கொலைக்கு வழிசெய்தது.

போருக்குப் பின் அங்குப் பணியாற்றிய மருத்துவர் லியோ நவ்ராட்டில், 1950களில் நோயின் தன்மையை அறியும் பொருட்டு நோயாளரை வரையச் சொன்னார். அவ்வாறு வரைந்தோருள் சிலர் சிறந்த ஓவியர் என்பதைக் கண்டார். யோகான் ஹவுசர், ஓஸ்வால்டு சிர்ட்னர் முதலியோரின் ஓவியங்கள் 1970இல் வியன்னாவில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1981இல் மருத்துவமனை வளாகத்துத் தனிக் கட்டடம் ஒன்றில் அவர்களைக் குடியமர்த்தி, 'கலை, உளமருத்துவ நிலையம்' எனப் பெயரிட்டார் நவ்ராட்டில்.

1986இல் பொறுப்பேற்ற யோகான் பைலாக்கர், மருத்துவர், சிற்பியுமாவார். அவர் அப்பெயரை நீக்கிக் 'கலைஞர் இல்லம்' என்று மாற்றினார். நோயே இவர்தம் கலைக்கு ஊற்று என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை; ஆற்றலே ஊற்று என்றார். நோயாளராக வந்தோர் அன்று முதல் இல்லத்துக்கு உரியராயினர். அவுகுஸ்ட் வாலா தம் அறையின் சுவரையும் மேல்தளத்தையும் உருவங்களாலும் எழுத்துகளாலும் நிரப்பினார்.

1990இல் கூகிங் கலைஞர்கள் ஓஸ்கர் கோகோஷ்கா பரிசு பெற்றனர். 2006இல் அவர்தம் படைப்புகளுக்கென அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. 2007இல் மருத்துவமனை மூடப்பட்டது. 2009இல் அவ்வளாகத்தில் அறிவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கிற்று. கலைஞர் இல்லமோ நிலைத்தது. அங்குள்ள திறந்த ஓவியக்கூடத்தில் வெளியாரும் வந்து வரைகின்றனர்.

பழங்கட்டடங்களைப் புதுப்பிப்போர் சாய்தளமும் அகன்ற வாயிலும் அமைத்தல் இன்றியமையாதது. ஆயினும் அவற்றோடு பணி முடிந்துவிடாது. உள்ளே வருவோரை இரக்கத்திற்குரியவராகக் கருதுகின்றோமா, படைப்பாளராக மதிக்கின்றோமா என்பதும் வினவப்பட வேண்டும். கொல்லப்பட்டோரை மறவாதிருத்தலும் அக்கடமையுள் அடங்கும்.