துரையின் சிலையும் குடியானவன் சித்திரமும்

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் செல்லும் சாலையில் கெல்லி மாளிகையைக் காணாத தமிழர் பேராக்கில் அரியர். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் துரை 1915-ல் தொடங்கிய அம்மாளிகை, 1926-ல் அவர் லிஸ்பன் நகரில் மாண்டதும் முற்றுப்பெறாமலே நின்றது. அதைக் கட்ட வந்த நம்மவர் பலர், 1918 வாக்கில் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியோர் வேண்டிக்கொண்டபடி அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் கூரைமேல், தெய்வ உருவங்களுக்கிடையே துரையின் உருவத்தையும் நிறுத்தினர் தொழிலாளர்! நன்றியை நாம் குறைகூறோம். ஆனால், உருவம் பெறும் தகுதி தேவருக்கும் துரைக்குமே உண்டென்று நம்மவருக்குக் கற்பித்தவர் யார்?

ஹாலந்து தேசத்தைச் சற்று நோக்குவோம். ஹார்லெம் நகரில் 1610-ல் பிறந்து 1685-ல் மறைந்த அட்ரியான் வான் ஆஸ்டேட் என்னும் ஓவியர், ஏறக்குறைய ஐம்பது செப்புத்தகட்டுச் சித்திரங்கள் செய்தார். அவற்றில் அரசனைத் தேடுதல் வீண். 1648-ல் செய்த தகட்டில் குடிசைத் தந்தை ஒருவன் தன் குழந்தைக்குக் கரண்டியால் ஊட்டுகிறான். 1652-ல் ஒருத்தி வாசலில் நூல் நூற்கிறாள், பக்கத்தில் பன்றி! 1671-ல் செருப்புத் தைப்பவன். நம் நாட்டில் எந்தத் தொழிலுக்காக ஒருவனை ஊருக்கு வெளியே தள்ளினோமோ, அத்தொழிலைச் செய்பவனுக்கு அங்கே சித்திரம்.

செய்முறையோ தோட்டத்து அன்பர்களுக்குப் புதிதன்று. செப்புத்தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறித் திராவகத்தில் இடுவர். கீறிய கோடுகளை மட்டும் அது அரிக்கும். பின்னர் அக்கோடுகளில் மையை நிரப்பி, ஈரக் காகிதம் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவர். ஸ்டோரில் திராவகம் விட்டுப் பாலை உறையவைத்து, உருளையிலிட்டு ரப்பர் ஷீட் இழுத்த கைகள் இதை எளிதில் அறியும். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். ஆகவே விலை மலிவு. புராட்டஸ்டண்டு மதம் ஓங்கிய அந்நாட்டில் கோயில்களினின்று படங்கள் அகற்றப்பட்டன. பாதிரியை நம்பிப் பிழைத்த ஓவியன் கடைவீதியை நாடினான்.

இருப்பினும் ஒன்றை மறைத்தலாகாது. ஆஸ்டேட் இளமையில் எழுதிய குடியானவர்கள் குடித்துப் புரளும் கோமாளிகளே. அவர்களுக்கு மனித முகம் பிற்காலத்திலேதான் கிடைத்தது. வாங்கியோரிற் பெரும்பாலார் பட்டணத்தார். அவ்வணிகரின் கம்பெனியே 1641-ல் மலாக்காவையும் 1658-ல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றியது. 1670-ல் நம் பேராக்கின் வெள்ளீயத்துக்காகப் பங்கோர்த் தீவில் கோட்டையும் கட்டியது. அவ்வீயத்தை அகழ்ந்தோரின் முகம் ஆஸ்டேடின் தகடு ஒன்றிலும் இல்லை.