மட்டக்களப்பு ஐதிகங்களை ஆட்டமாக்கும் முறை: அமிர்தகழியும் வாவியும் முன்வைத்து ஒரு திணைவழி ஆய்வு

1. பொருளும் எல்லையும்

பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, பங்குகொள்வோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் சொல்லையும் செயலையும் ஏற்று, முன்னரே ஒப்புக்கொண்ட விதிகளுக்கு உட்பட்டு, முடிவு எழுதப்படாத ஒரு கதையைக் கூடிச் சமைக்கும் ஆட்டமாகும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வாட்டத்தின் மேசை வடிவத்தை உலகெங்கும் பரப்பியது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்ற நிரல் அதன் கணினி வடிவத்துக்கு அடியிட்டது.

இவ்விரு வடிவங்களும் அரக்கர், நாகர், நீர்மகளிர் முதலானோரைப் பல நாட்டு ஐதிகங்களிலிருந்து பெற்று ஆளுகின்றன. அவ்வாறு பெறும்போது எது எஞ்சுகிறது, எது உதிர்கிறது என்பதே நமது வினா. மட்டக்களப்பு வாவியையும் அதன் கரையில் அமைந்த அமிர்தகழியையும் ஆய்வுக்களமாகக் கொள்கிறோம். உயிரிகளையும் ஐதிகங்களையும் ஆட்டத்துக்குப் பெயர்ப்பதற்கு வேண்டிய முறை தமிழ் இலக்கணத்திலேயே உண்டு என்பதும், அது திணைக் கோட்பாடு என்பதும் நாம் நிறுவ முனையும் கருத்து.

2. வரையறைகள்

2.1 ஐதிகம்: ஓர் ஊரார் தம் இடத்தோடும் வழிபாட்டோடும் இணைத்து வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

2.2 ஐதிக உயிரி: ஐதிகத்தில் தன்விருப்போடு செயற்படுவதாகக் கொள்ளப்படும் எதுவும். அதற்கு உடல் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. இந்த விலக்கு பின்னர் முதன்மை பெறும்.

2.3 பெயர்த்தமைப்பு: ஐதிக உயிரியை ஆட்டவிதிகளால் இயங்கத்தக்க வடிவில் அமைத்தல்.

2.4 அளவுக்குறிப்பு: உயிரியின் வலு, காப்பு, உயிர்நிலை முதலியவற்றை எண்களாகத் தரும் பட்டியல்.

2.5 ஆட்டநெறியாளர்: விதிகளுக்குப் பொருள்கூறி, கதையுலகை ஏந்தி நிற்பவர்.

2.6 பாத்திரச் சட்டம்: ஆட்டக்காரர் தம் மாந்தரைப் பற்றி வைத்திருக்கும் ஏடு. மட்டக்களப்புக் கூத்தில், கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் நடிகருக்குரிய பகுதியைக் கையளிப்பதைச் ‘சட்டம் கொடுத்தல்’ என்பர். அவ்வழக்கையே இங்கு ஆள்கிறோம்.

3. இன்றைய வழக்கும் அதன் காரணங்களும்

1977இல் வெளிவந்த ‘மொன்ஸ்டர் மனுவல்’ 350க்கு மேற்பட்ட உயிரிகளைத் தொகுத்தது. அதில் இராட்சதனும் நாகரும் இடம்பெற்றனர். இராட்சதன் புலித்தலையுடையவனாக, மாயத்தோற்றம் காட்டி இரையை ஏய்ப்பவனாக, ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பினால் உடனே மாய்பவனாக வருகிறான். பின்வந்த பதிப்புகள் அவனுடைய உள்ளங்கைகளைப் புறம்நோக்கித் திருப்பி அமைத்தன. இந்த அம்பும் மாயத்தோற்றமும் இராம காதையிலிருந்து நேரே வந்தவை என்று கொள்வதற்கில்லை. 1974இல் ஒளிபரப்பான ‘கோல்ச்சாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதியில் இவை காணப்படுகின்றன.

இம்மாற்றத்துக்கு மூன்று காரணங்களைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, பிறப்புக் காரணம். இவ்வாட்டம் படைப்பொம்மைகளை நகர்த்தும் போர் ஆட்டங்களிலிருந்து கிளைத்தது. போர் ஆட்டத்தில் எதிர்ப்படும் எதுவும் எதிரியாகவோ துணையாகவோ எண்ணப்படும். ஆகவே உயிரியைப் பற்றிய முதல் வினா ‘எத்தனை அடி தாங்கும்?’ என்பதாயிற்று.

இரண்டாவது, வழிக் காரணம். ஐதிகம் அதனை வாழ்வாகக் கொண்டவரிடமிருந்து நேரே பெறப்படாமல், இடைநின்ற கதை, படம், தொடர் ஆகியவற்றின் வழியே வந்தது.

மூன்றாவது, தொகுப்புக் காரணம். உயிரிகள் அகர வரிசையில் அடுக்கப்பட்டன. அகர வரிசை தேடுவோர்க்கு எளிது. ஆனால் கடலுக்குரியதும் காட்டுக்குரியதும் அதில் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கும். நிலம் அங்கே வகைப்படுத்தும் கூறாக இருப்பதில்லை.

மூன்றின் விளைவும் ஒன்றே. உடல் முன்வந்தது. இடமும் காலமும் உறவும் பின்சென்றன.

4. திணைவழி

தொல்காப்பியப் பொருளதிகாரம் உலகை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கும். முதற்பொருள் நிலமும் பொழுதும் ஆகும். கருப்பொருள் அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும். மேற்கூறிய அளவுக்குறிப்பு முறை உடலில் தொடங்கி எண்ணில் முடிகிறது. திணைமுறை நிலத்திலும் பொழுதிலும் தொடங்கி ஒழுக்கத்தில் முடிகிறது. தெய்வமும் விலங்கும் அதில் நடுவிடத்தில் நிற்பதைக் கருத வேண்டும். அவற்றுக்கு முன்னே அவை நிற்கும் நிலமும், பின்னே அவற்றோடு வாழ்வோரின் ஒழுக்கமும் உள்ளன.

மட்டக்களப்பு இம்முறைக்கு இயல்பாகவே இடந்தரும் நிலம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கடல்சார்ந்த கிழக்குப் பகுதி எழுவான்கரை. வயலும் காடும் சார்ந்த மேற்குப் பகுதி படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் நிலப்பெயர்களாகவே நிலைத்துள்ளமையால், நிலமும் பொழுதும் இங்கே ஒரே சொல்லில் அடங்குகின்றன. கற்பனை உலகின் வரைபடத்தை வகுக்க முனையும் ஆட்டநெறியாளருக்கு இந்த முதற்பிரிவு ஆயத்தமாகவே கிடைக்கிறது.

5. ஐதிக உயிரிகளின் மூவகை

வாவிக்கரை ஐதிகங்களில் வரும் உயிரிகளை, முதல், கரு, உரி என்னும் மூன்றில் எதன்மேல் ஊன்றி நிற்கின்றன என்பதைக் கொண்டு மூன்றாக வகுக்கிறோம். வகுப்பது நிலையையே, பெயரையன்று. ஒரே பெயர் இருநிலைகளில் நிற்கலாம். கூத்துக்களரியில் ஆடும் அனுமன் ஒரு நிலையில் உள்ளான். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் தலமரபில் இராம காதையோடு நினைக்கப்படும் அனுமன் வேறொரு நிலையில் உள்ளான்.

5.1 களரிப் பாத்திரம்: உரிப்பொருளில் ஊன்றியது

மட்டக்களப்பில் ஆடப்படும் வடமோடிக் கூத்து பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்க்கதைகளைக் கொண்டது. வட்டக்களரியில் ஒரு பாத்திரம் நுழையும்போது அதற்குரிய வரவுப் பாட்டும் மத்தளத் தாளமும் ஆட்டமும் அதனை இன்னாரெனக் காட்டிவிடும். அதன்பின் அப்பாத்திரம் யாருக்கு மகன், யாருக்குத் தமையன், எதை இழக்கப்போகிறது என்பவற்றாலேயே கதை நகர்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய ‘இராவணேசன்’ இதற்குத் தக்க சான்று. சி. மௌனகுருவின் எழுத்தில் அமைந்த அந்நாடகம் அரக்கர் கோனை அவலத் தலைவனாக நிறுத்தியது. உடன்பிறந்தாரையும் மைந்தரையும் அடுத்தடுத்து இழப்பதே அங்கு அவனது வீழ்ச்சி.

இவ்வகை உயிரியைப் பெயர்க்கும்போது அதன் உறவுகளை விதியாக்க வேண்டும். அரக்கர் ஒருவரின் வலு, அவர்தம் சுற்றத்தார் நிற்கும்வரை நிற்பதாகவும், ஒவ்வோர் இழப்பிலும் ஒரு தேர்வு அவர்முன் வருவதாகவும் அமைக்கலாம். அம்புக்கு மாயும் புலித்தலையனுக்குச் சுற்றம் கிடையாது. அவனைக் கொன்றவருக்குத் துயரும் கிடையாது.

5.2 இடவுரு: முதற்பொருளில் ஊன்றியது

வாவியின் பாடுமீன் இவ்வகையின் தலைசிறந்த சான்று. முழுநிலா இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீர்ப்பரப்பில், தோணியை நிறுத்தித் துடுப்பாகிய சவளின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்தால் இசை கேட்கும் என்பது ஊர்வழக்கு. எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கையில் எழும் ஒலிக்கு இதனை ஒப்பிட்டார். மீனவர் இதனை அழும் ஊரியின் (சங்கின்) ஒலி என்று தம்மிடம் கூறியதாகவும் எழுதினார்.

இவ்வுயிரி உடல்பெற்ற நிலைகளை வரிசைப்படுத்தலாம். முதல் நிலையில் அது ஒலி மட்டுமே. இரண்டாம் நிலையில் ஊரி அல்லது மீன் என ஓர் உடல் கற்பிக்கப்படுகிறது. மூன்றாம் நிலையில், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். நான்காம் நிலையில் மீன்மகள் சிலையாக நகரின் அடையாளமாயிற்று. உடல் நிலைதோறும் மாறியது. இடமும் பொழுதும் கேட்கும் முறையும் மாறவில்லை. ஆகவே உயிரியின் இயல்பு எங்குள்ளது என்பது தெளிவு.

5.3 வழிபடு தெய்வம்: கருப்பொருளில் ஊன்றியது

தெய்வம் கருப்பொருள்களுள் முதலில் எண்ணப்படுவது. மற்றைக் கருப்பொருள்களின் நடுவிலேயே அது அறியப்படும். மட்டக்களப்பில் கண்ணகியம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்கில், வேப்பிலை, பறையொலி, பாடல், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி ஆகியவற்றின் ஊடாகவே அம்மன் ஊராரிடை எழுந்தருளுகிறாள். மாமாங்கேஸ்வரர் கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்திலும் நீரும், நாளும், நீராடுவோர் தம் முன்னோரை நினைத்தலும் இணைந்தே நிற்கின்றன.

இத்தெய்வங்களுக்கு அளவுக்குறிப்பு எழுதலாகாது என்பது நமது துணிபு. உயிர்நிலைக்கு எண் கொடுத்தால் அந்த எண்ணைச் சுழியாக்க ஆட்டக்காரர் முயல்வர். அதற்கு மாற்றுவழியை ஊர்மரபே காட்டுகிறது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்பு விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாவர். வடசேரி கோவலனுக்கும், தென்சேரி கண்ணகிக்கும் உரியது. கொம்புகளைக் கொளுவி இரு சாராரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. அங்கே ஊரார் கண்ணகியின் பக்கம் நிற்கிறார்களேயன்றிக் கண்ணகியாக நிற்பதில்லை. ஆட்டத்திலும் மாந்தர் தெய்வத்தின் சார்பில் நிற்கலாம், நேர்ந்துகொள்ளலாம், கடமை தவறலாம். தெய்வம் எவருடைய பாத்திரச் சட்டத்திலும் இடம்பெறலாகாது.

6. பெயர்த்தமைப்பின் படிநிலைகள்

மேற்கூறியவற்றிலிருந்து ஐந்து படிகள் பெறப்படுகின்றன. பாடுமீனைக் கொண்டு அவற்றை விளக்குவோம்.

முதற்படி, நிலங்குறித்தல். உயிரி எதிர்ப்படும் இடத்தை எல்லையிட்டுக் கூறல். வாவியின் ஆழ்ந்த நீர், பாலத்தின் அருகு.

இரண்டாம்படி, பொழுதுகுறித்தல். நிலாநாள். ஆட்டத்தின் உள்நாட்காட்டி இதற்காகவே வேண்டப்படும். அமாவாசையில் வருவோர் வெறுநீரையே காண்பர்.

மூன்றாம்படி, கருப்பொருள் சேர்த்தல். தோணி, சவள், ஊரி, மீனவர் தொழில். சவள் இல்லாதவர்க்கு இசை இல்லை என்று விதித்தால், படகோட்டியின் துணை கதையில் இன்றியமையாததாகும்.

நான்காம்படி, ஒழுக்கம் விதித்தல். கேட்போர் அசைவற்றிருக்க வேண்டும். வாளுருவியவர்க்கு ஒலி அடங்கும். பொறுத்திருந்தவர் ஒரு வினாவுக்கு விடை பெறலாம். ஆனால் அவ்விடை சொல்லாக அமையாமல் சுரமாக அமையும். இவ்விதி நாம் வகுத்தது, ஐதிகத்தில் உள்ளதன்று. எது மரபு, எது சேர்க்கை என்பதை இவ்வாறு ஆட்டநூலிலேயே பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

ஐந்தாம்படி, எண்ணிடல். முன் நான்கும் முடிந்தபின், எண் தேவைப்படும் இடத்தில் மட்டும் இடுதல். பாடுமீனுக்குப் பொறுமைச் சோதனைக்கான ஓர் எண் போதும்.

இப்படிகள் செவ்வையாக நிகழ்ந்தனவா என்பதை அறிய ‘நீக்கற் சோதனை’ ஒன்றை முன்மொழிகிறோம். களரிப் பாத்திரத்திலிருந்து உறவை நீக்குக. இடவுருவிலிருந்து நிலத்தையும் பொழுதையும் நீக்குக. தெய்வத்திலிருந்து சடங்குப் பொருள்களை நீக்குக. நீக்கியபின்னும் ஆட்டம் முன்போலவே நடக்குமாயின் பெயர்த்தமைப்பு பிழைத்தது. புலித்தலை இராட்சதன் எந்நாட்டுக் கோட்டையிலும் எப்பொழுதும் மாறாது இயங்குவான். பாடுமீனோ நிலவும் வாவியும் நீங்கிய கணமே இல்லாதொழியும்.

7. மேசையும் கணினியும்

இரு வடிவங்களும் இப்படிகளை ஒரேபாங்கில் தாங்குவதில்லை. மேசையில் ஆட்டநெறியாளர் உள்ளார். அவர் முன்னறியாத செயலுக்கும் அங்கேயே தீர்ப்புக் கூறுவார். ஆகவே நான்காம்படி மேசையில் எளிது. ஆனால் பல இரவுகளாக நீளும் ஆட்டத்தில் நிலாநாளைத் தவறாது எண்ணிவருதல் அவருக்குச் சுமை.

கணினி இதற்கு மறுதலை. நாட்காட்டி, நீர்மட்டம், காற்று ஆகியவற்றை நிரல் தளராமல் காக்கும். உலகம் ஆட்டக்காரர் இல்லாதபோதும் இயங்கும். ஆடி அமாவாசை வரும்வரை ஆட்டக்காரர் மெய்யாகவே காத்திருக்குமாறு அமைக்கலாம். ஆனால் ‘பணிந்து நின்றான்’ என்பதை நிரல் எவ்வாறு அறியும்? செயல்களைப் பட்டியலிட்டாலன்றிக் கணினி ஒழுக்கத்தை அளவிடாது. எனவே இணையவழி ஆட்டத்தில் முதற்பொருளை நிரலுக்கும், உரிப்பொருளை ஆட்டக்காரர் தமக்குள் நிகழ்த்தும் உரையாடலுக்கும் ஒதுக்குதல் தகும்.

கூத்துமரபிலும் இதற்கொரு படிப்பினை உண்டு. சட்டம் கொடுத்தல், பழக்குதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என ஒரு கூத்து பல கட்டங்களைக் கடந்தே களரிக்கு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஊரார் பார்த்துக் குறை சொல்வர். ஆட்டநூலும் அச்சேறுமுன் அண்ணாவிமாரும் கோயில் சார்ந்தோரும் அடங்கிய அவையில் ஆடிப்பார்க்கப்படுதல் வேண்டும்.

8. உரிமையும் கடப்பாடும்

டோல்கீன் படைத்த ஹொபிட்டுகளின் பெயரை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தன் தொடக்கப் பதிப்பில் ஆண்டது. உரிமையாளரின் எதிர்ப்புக்குப் பின் அப்பெயர் கைவிடப்பட்டு வேறு பெயர் இடப்பட்டது. அதே நூல்வரிசையில் இராட்சதனும் நாகரும் தடையின்றி நின்றனர். தனியொருவர் படைத்த ஐதிகத்துக்கு வழக்காட ஆள் உண்டு. ஊர் படைத்த ஐதிகத்துக்கு அத்தகையவர் எளிதில் இல்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புக் கூறுகிறது. ஆயினும் எல்லைகடந்து விற்கப்படும் ஆட்டநூலில் ஓர் உயிரி திரிக்கப்படுவதை ஒரு நாட்டுச் சட்டம் தடுப்பது அரிது. அவ்விடத்தில் கடப்பாடு படைப்போர் மேலதாகிறது. அக்கடப்பாட்டை மூன்றாகச் சுருக்கலாம்: மூலத்தின் ஊரைப் பெயரோடு சுட்டுதல், சேர்க்கையை மரபிலிருந்து பிரித்துக் காட்டுதல், வழிபாட்டிலுள்ளதை வெல்லும் பொருளாக்காமை.

9. முடிபு

ஐதிக உயிரியின் உடல் எளிதில் பெயர்வது. அதனாலேயே எளிதில் திரிவதும் அதுவே. களரிப் பாத்திரம் உறவாலும், இடவுரு நிலம் பொழுதுகளாலும், வழிபடு தெய்வம் தன்னைச் சூழ்ந்த பொருள்களாலும் நிலைபெறுகின்றன என்பதை வாவிக்கரைச் சான்றுகள் காட்டின. இம்மூன்றையும் முறைப்படுத்தும் இலக்கணம் நம்மிடம் முன்னரே உள்ளமையால், புதிய ஆட்டநூல் எழுதுவோர் அகர வரிசையை விட்டுத் திணை வரிசையில் தொகுக்கத் தொடங்கலாம். எழுவான்கரைக்கு ஒரு நூலும் படுவான்கரைக்கு ஒரு நூலும் என்பது அத்தொகுப்பின் முதற்பணியாக அமையத் தகும்.