முட்டுக்கால் சொல்லும் பாடம்

புதிதாக ஊற்றிய கான்கிரீட் தன் பளுவைத் தானே தாங்காது. அது இறுகும்வரை முட்டுக்கால்களே அதைச் சுமக்கின்றன. இதை மறந்ததால் நேர்ந்த விபத்து ஒன்றை இன்று நினைவுகூர்வோம்.

1973ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஸ்கைலைன் பிளாசா கட்டடத்தின் 24ஆம் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாங்கிய 23ஆம் தளம் இன்னும் போதிய வலுப்பெறவில்லை. அதன் அடியிலிருந்த முட்டுக்கால்களோ முன்னதாகவே அகற்றப்பட்டுவிட்டன. தூண்களைச் சுற்றித் தளம் அறுந்தது. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரைவரை சரிந்தன. 14 தொழிலாளர் மாண்டனர். 34 பேர் காயமுற்றனர்.

கான்கிரீட்டின் வலுவை நாள்காட்டி சொல்லாது; குளிரில் அது மெல்லவே இறுகும். ஆகவே, சோதித்தறிந்த பின்னரே நாம் முட்டுக்கால்களை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு நாம் மிச்சம்பிடிப்பது ஓரிரு நாள்களே.