சாயும் சுவருக்குப் பொறுப்பாளி யார்?

கிராமத்தில் கிணற்றில் தவறி விழுந்தோரும், நகரத்தில் சுவர் இடிந்து காயமுற்றோரும் எக்காலத்திலும் இருந்துள்ளனர். ஊருக்கு ஊர் விபத்தின் வடிவம் மாறுமே தவிர, காயம் இல்லாத ஊர் இல்லை. அது நேரும்போது "எல்லாம் தக்தீர்" என்று கூறி அமைதியடைவது நம் வழக்கம். நம் இமாம்களும் தக்தீரை முழுமையாக நம்பியவர்களே. ஆயினும், அத்தீங்கைத் தடுத்திருக்க வேண்டியவர் யார் என்றும் அவர்கள் கேட்டார்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. பிற்கால அறிஞர்கள் பாதையின் பாதுகாப்பைச் சட்டமாகவே விரித்துரைத்தார்கள்.

12ஆம் நூற்றாண்டில் ஃபர்கானா பகுதியில் வாழ்ந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' எனும் ஹனஃபி சட்ட நூல் இதை நுணுக்கமாக ஆராய்கிறது. சொந்த நிலத்தில் கிணறு தோண்டியவர்மீது பொறுப்பில்லை. பொதுப்பாதையில் அனுமதியின்றித் தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் தரப்பு இழப்பீடு தர வேண்டும். பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும் சுவரை இடிக்குமாறு கோரிய பின்னும், அவகாசமும் ஆற்றலும் இருந்தும் உரிமையாளர் வாளாவிருந்தால், அதனால் விளையும் சேதம் அவரையே சாரும். கோரியவர் முஸ்லிமா, முஸ்லிமல்லாதவரா என்ற வேறுபாடு இங்கு இல்லை. நடக்கும் உரிமை அனைவருக்கும் பொது.

பக்தாதின் ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தி (ரஹ், மறைவு 1058) அவர்கள், சந்தைகளையும் தெருக்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளை வகுத்தார்கள். கால்நடைகள் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றுவதையும், பெருங்காற்றில் கப்பல் புறப்படுவதையும் தடுப்பது அவற்றுள் அடங்கும்.

தடுக்க இயலாத காயங்களும் கைவிடப்படவில்லை. குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி, தம் மருத்துவக் களஞ்சியத்தின் 30ஆம் பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு நழுவலுக்கும் தனிப் பிரிவு ஒதுக்கினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குத் தனியிடம் இருந்தது. அதன் செலவை வக்ஃபு சொத்துகளின் வருமானம் தாங்கியது.

இவ்வரலாறு நம் வாசலிலும் வந்து நிற்கிறது. மூடாமல் விடப்பட்ட ஆழ்துளைக் கிணறும், தலைக்கவசமின்றிப் பிள்ளையிடம் நாம் கொடுத்தனுப்பும் இருசக்கர வண்டியும் இன்றைய சாய்ந்த சுவர்களே. அவை சாய்ந்திருப்பதை நாம் அறிவோம். அறிந்த பின் அமைதி காப்பது தவக்குல் ஆகாது.

அல்லாஹ் நம் கைகளால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.