தலையில் சடை விழுந்தால்

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துத் துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு மாலைப் பொழுது நடந்து போனால், தோளுக்குக் கீழே கயிறு கயிறாகத் தொங்கும் முடியோடு ஒரு வாலிபரைக் காண நேரலாம். நம் பெரியவர்கள் சிலர் “இது என்ன கோலம்?” என்று முகம் சுளிப்பார்கள். அதே பெரியவர்கள் தைப்பூசத்தன்று பத்துமலையில் சடைமுடிச் சாமியார் ஒருவரைக் கண்டால் கைகூப்புவார்கள். தோட்டத்து லயத்திலே, பிள்ளை பெற்று எழுந்த ஒரு பெண்ணின் பின்னந்தலையில் முடி திரண்டு சடை விழுந்துவிட்டாலோ, “அம்மன் இறங்கியிருக்கிறாள், கத்தரி படக்கூடாது” என்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். முடி ஒன்றுதான், மூன்று தலையில் அதற்கு மூன்று பொருள் வந்துவிடுகிறது. இது எப்படி வந்தது என்பதையும், சடை விழத் தொடங்கினால் என்னென்ன நடக்கும் என்பதையும் இன்று நாம் பார்ப்போம்.

முதலில் முடியின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் தாமாகவே உதிர்கின்றன. சீப்பில் சுருண்டு வருபவை இவைதாம். நல்ல உடம்பிலும் இது உண்டு. தலையை வாராமல் விட்டால் உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல், வளர்கின்ற முடியைச் சுற்றிக்கொள்கிறது. முடியின் மேற்புறம் மீன் செதிலைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. ஒன்றோடொன்று உரசும்போது செதிலும் செதிலும் மாட்டிக்கொள்கின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் சிக்கு இறுகிச் சடையாகிறது. சுருட்டை முடியில் இது விரைவாக நடக்கும். நீட்டு முடியில் தாமதமாகும். அவ்வளவுதான் இதன் இரகசியம்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஏன் இது நேர்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். மகப்பேற்றுக்குப் பிறகு மூன்று நான்கு மாதங்களில் வழக்கத்தைவிட அதிகமாக முடி கொட்டுவது பல தாய்மாருக்கு இயற்கை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தலை வார நேரம் ஏது? நெடுங்காய்ச்சலில் படுத்தவர்களுக்கும் பின்னந்தலை தலையணையில் உரசி உரசி இப்படித்தான் ஆகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். தமிழருக்குச் சடை புதிதல்ல. நற்றிணையின் 141ஆம் பாட்டில், கொன்றை மரத்தில் நீண்டு தொங்கும் காய்களைக் கண்ட புலவருக்கு மலையில் வாழும் தவசிகளின் சடை நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ச் சாலையோரங்களிலும் கொன்றை உண்டு. அதன் முற்றிய காய் கறுத்துக் கோல் கோலாகத் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டாம்.

அதைவிட நம் மனத்தைத் தொடுபவை புறநானூற்றில் மாற்பித்தியார் பாடிய 251, 252ஆம் பாட்டுகள். ஒரு காலத்தில் பெண்களின் உள்ளத்தைக் கவர்ந்து திரிந்த ஒருவன், பின்னாளில் துறவியாகிவிட்டான். ஒரு பாட்டில் அவன் ஓசையிடும் அருவியிலே நீராடுகிறான். நீர் பட்டுப் பட்டு அவன் சடையின் நிறமே மாறிப்போயிருக்கிறது. மற்றொன்றில், காட்டு யானை கொண்டுவந்த விறகில் தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்துகிறான். பழைய காதலன் இன்று என்ன ஆனான் என்ற வியப்புத்தான் பாட்டின் உயிர். ஆயினும் புலவர் போகிற போக்கில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். சடை வளர்த்தவன் தலையை அழுக்காக விட்டுவிடவில்லை. கழுவினான், கழுவியதை நன்றாகக் காயவும் வைத்தான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்தச் செய்தியை இன்றைய வாலிபர்கள் குறித்துக்கொள்வது நல்லது.

பிற்காலத்தில் சிவபெருமானின் சடை கோயில் சிற்பங்களில் பெரும் அழகு பெற்றது. சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனிகளில் அந்தச் சடை இருபுறமும் விரிந்து பறக்கும். அதில் சிறு உருவமாகக் கங்கை கைகூப்பியிருப்பாள். ஆனால் சடைக்கு மதிப்பு வந்தபோதே அதைப் போலி செய்தவர்களும் வந்துவிட்டார்கள் போலும். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் முனிவரைப் போலவே ஒரு பூனையும் முன்கால்களைத் தூக்கித் தவக்கோலம் காட்டுகிறது. அதன் காலடியில் எலிகள்! திருவள்ளுவரும் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தை முடிக்கும் 280ஆம் குறளில், உலகம் பழிக்கும் செயலை விட்டவனுக்குத் தலையை மழிப்பதும் தேவையில்லை, முடியை வளர்ப்பதும் தேவையில்லை என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

மழிப்பதும் நம் மரபுதானே? தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் பத்துமலையில் முருகன் வழிபாடு தொடங்கி, 1892ஆம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. நேர்த்திக்கடனுக்காக மாதக்கணக்கில் முடி வளர்த்து, அங்கே மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பள்ளிக்கூடம் போகும் நம் பெண் பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் இரட்டைச் சடைக்கும் அதே பெயர்தான் என்பதையும் சொல்லி வைப்போம்.

அப்படியானால் துன் சம்பந்தன் சாலை வாலிபரின் முடி எங்கிருந்து வந்தது? அது ஜமைக்காத் தீவிலிருந்து வந்தது. இந்தக் கதையில் நமக்கு உறவான ஒரு செய்தி உண்டு. 1845ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், பிளண்டெல் என்ற கப்பலில் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் முதன்முதலாக அங்கே போய் இறங்கினார்கள். 1917 வரையில் ஏறத்தாழ 36,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறைமுகம் வழியே போனவர்களும் உண்டு. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த அதே ஒப்பந்த முறைதான். அவர்கள் தங்கள் சாமிகளையும் பண்டிகைகளையும், சடைமுடிச் சாதுக்களைப் பற்றிய நினைவையும் கொண்டு போனார்கள்.

1930களில் அங்கே கறுப்பு மக்களிடையே ராஸ்தஃபாரி என்ற சமய இயக்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளில் ஒருவரான லெனர்ட் ஹாவல் தம் நூலுக்கு இட்டுக்கொண்ட புனைபெயர் ஜி. ஜி. மராக், அதாவது மகராஜ். இந்தியச் சாயல் வெளிப்படையாகத் தெரிகிறது. அதனால் அவர்களுடைய சடைக்கும் இந்தியச் சாதுக்களே வழிகாட்டிகள் என்பர் சில ஆய்வாளர்கள். கென்யாவில் 1950களில் வெள்ளையரை எதிர்த்துப் போராடிய மௌ மௌ வீரர்களின் முடியைக் கண்டுதான் வளர்த்தார்கள் என்பர் வேறு சிலர். விவிலியத்தில் நசரேய விரதம் பூண்டவர் தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்ற விதியும் அவர்களுக்கு ஆதாரம். மூன்றும் கலந்திருக்கலாம் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. தோட்டத்துக் காற்றில் எந்த விதை எங்கிருந்து வந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? பாடகர் பாப் மார்லி 1981இல் மறைவதற்குள் அந்த முடி உலகெங்கும் போய்விட்டது.

அந்த முடிக்காக அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த கலவரத்தை ஒட்டி, ஜமைக்காப் போலீசார் ராஸ்தாக்களைப் பிடித்து அடித்து, சடைகளையும் வெட்டி எறிந்தார்கள். 2017இல்தான் அந்நாட்டுப் பிரதமர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். நமக்குப் பக்கத்திலே சிங்கப்பூரிலும் 1970களில், நீளமுடி வைத்த ஆண்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் வேலை நடக்கும் என்று அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தார்கள்.

வளர்த்தவரை வலிந்து வெட்டியது ஒரு கொடுமை. வெட்ட விரும்பியவரை வெட்டவிடாமல் தடுத்தது இன்னொரு கொடுமை. நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் முக்கியம். மராட்டிய மாநிலத்திலும் கர்நாடகத்தின் வடபகுதியிலும், ஒரு சிறுமியின் தலையில் சடை விழுந்தால் அது சௌந்தத்தி எல்லம்மாவின் அழைப்பு என்று சொல்லி, அவளைத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விட்டுவிடும் வழக்கம் இருந்தது. பேன் மிகுந்து சிக்குப் பிடித்த தலைக்காக ஒரு பெண்ணின் வாழ்வே பறிபோயிற்று. சென்னை மாகாணத்தில் 1947இலும் கர்நாடகத்தில் 1982இலும் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்தாலும் பயம் போகவில்லை. மருத்துவர் நரேந்திர தபோல்கர் 1989இல் மராட்டியத்தில் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், பெண்களிடம் பேசி, அவர்கள் சம்மதித்த பிறகு சடையை வெட்டிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் கழுத்து வலியோடு அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் உண்டு. 2013 ஆகஸ்டு 20ஆம் நாள் புனேயில் தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வேலை அவரோடு நின்றுவிடவில்லை.

ஐரோப்பாவிலும் இதே அச்சம் இருந்தது. போலந்து நாட்டுக் குடியானவர்கள், சடையை வெட்டினால் உடம்புக்குள் இருக்கும் நோய் வெளியேற வழியில்லாமல் கண் போகும், புத்தி பேதலிக்கும் என்று நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கிராக்கவ் நகரத்து மருத்துவர் யூசெஃப் டியட்டில், இது வாராத தலையால் வருவதே என்று காட்டி, அதை வெட்டச் செய்யப் பாடுபட்டார். அங்கே எல்லம்மாவும் இல்லை, மாரியம்மனும் இல்லை. பயம் மட்டும் ஒன்றாக இருந்தது.

எல்லாப் பெண்களுக்கும் சடை சுமைதான் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையில் முருகன் தலமான கதிர்காமத்தில் சடை வளர்த்துச் சாமியாடும் பெண்களோடு பல காலம் பழகி, கணநாத் ஒபயசேகர என்ற அறிஞர் 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் அநேகமாகச் சிங்களப் பௌத்தப் பெண்கள். வீட்டில் பெரும் துன்பம் அனுபவித்தவர்கள், சடை வந்தபின் ஊரார் மதிக்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு அது கடவுள் கொடுத்த வரம். அவர்கள் தலையில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. கேட்க வேண்டியவர் அந்தத் தலைக்கு உரியவர்தான்.

சரி, ஒருவர் விரும்பியே வளர்க்கத் தொடங்கினால் என்ன எதிர்பார்க்கலாம்? முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதுவும் திரளும்போது சுருங்கி, முன்னைவிடக் குட்டையாகத் தெரியும். முதல் சில மாதங்கள் தலை கலைந்த குருவிக்கூடு போலத்தான் இருக்கும். வீட்டில் அம்மா கேட்கும் கேள்விகளுக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஒழுங்காகத் திரள ஓராண்டுக்கு மேல் ஆவதுண்டு. அரிப்பு வரும். கழுவலாமா என்றால், கழுவியே ஆகவேண்டும். பிழிந்து, வெயிலிலோ காற்றிலோ உள்வரை காயவிட வேண்டும். ஈரம் தங்கினால் நாற்றமும் பூஞ்சையும் பிடிக்கும். விடியற்காலைப் பனியில் பால் வெட்டப் போகிறவர்களும், செம்பனைத் தோட்டத்தில் தலைக்கவசம் போடுகிறவர்களும் இதை இருமுறை யோசிக்கட்டும். வியர்வை உள்ளேயே தங்கிவிடும். தடித்த சடைமேல் கவசம் சரியாக உட்காராது. நெற்றியோரத்தில் இழுத்துக் கட்டினால் வேர் தளர்ந்து, அங்கே முடி முளைக்காமலே போகலாம்.

வேண்டாத சடை விழுந்தவர்கள் அதைக் காலத்தோடு எடுத்துவிடலாம். சிறு சிக்கானால் தேங்காய் எண்ணெயை நிறையத் தேய்த்து ஊறவிட்டு, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் வலிதான் மிச்சம். பேன் இருந்தால் முதலில் அதற்கு மருந்து போடுங்கள். முடி இறுகிக் கட்டையாகிவிட்டதென்றால் கத்தரிக்கோல்தான் வழி. வெட்டியவுடன் கழுத்து இலேசாக இருக்கும். தலைத்தோலில் புண்ணோ சீழோ தெரிந்தால் அன்றே கிளினிக்கிற்குப் போய்க் காட்டுங்கள். வெட்டிய இடத்தில் மூன்று மாதத்தில் விரற்கடை அளவு புது முடி வந்துவிடும்.