அந்தமானில் குடியிருக்க இடம் தேடியோர்

கப்பலை விட்டு இறங்கி அந்தமான் மண்ணில் கால் வைக்கும் அரசாங்க ஊழியன் முதலில் விசாரிப்பது கடலைப் பற்றியன்று. கடல் எந்தத் திசையில் திரும்பினாலும் தெரிகிறது. "ஜாகை எங்கே பார்க்கலாம்?" என்பதே அவன் முதல் கேள்வி. அலுவலகத்துக்கு எத்தனை தூரம், வாடகை எவ்வளவு, மாலையில் காலாற நடக்கவும் கடலில் குளிக்கவும் வசதி உண்டா என்ற மூன்று விசாரணைகளும் அதன் பின்னே வரும். மாற்றல் உத்தரவு பெற்று இங்கு வந்தபோது நாமும் இவற்றையே கேட்டோம். கிடைத்த விடைகளைக் கொண்டு உடனே ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஆகவே, நமக்கு முன் இத்தீவுகளில் இடம் தேடியவர்கள் எதை நாடினார்கள், எதைப் பெற்றார்கள் என்று பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம். அந்த வரலாறு நம் ஐயத்தைத் தீர்த்து வைத்தது. அதனையே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

இங்கு முதன்முதலில் இடம் தேர்ந்தவர்கள் ஆதிக்குடிகளே. அந்தமான் தீவுகளின் கரையோரங்களில் கிளிஞ்சல்களும் எலும்புகளும் ஓட்டுத் துண்டுகளும் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த மேடுகள் காணப்படுகின்றன. தெற்கு அந்தமானில் சவுல்தாரி என்னும் இடத்தில் அகழ்ந்து ஆராயப்பட்ட மேடு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் அடுப்பு மூட்டி உண்டதற்கு அம்மேடுகள் சான்று. அலையின் வேகம் தணிந்த விரிகுடா, அருகிலே குடிநீர், மீனும் சிப்பியும் கிடைக்கும் ஆழமற்ற கடல், பின்புறம் காடு ஆகிய இவை கூடிய இடத்தையே அவர்கள் நாடினர். பிழைப்புக்கும் இருப்பிடத்துக்கும் இடையே அவர்களுக்குத் தூரமே இருக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியார். ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற கடற்படை அதிகாரி தீவுகளின் கரைகளை அளந்து, 1789-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தெற்கு அந்தமானின் துறைமுகத்துக்குள் இருக்கும் சாத்தம் என்ற சிறு தீவில் குடியேற்றம் ஒன்றை நிறுவினார். கடற்படைத் தளபதி வில்லியம் காரன்வாலிஸின் பெயரால் அது போர்ட் காரன்வாலிஸ் எனப்பட்டது. காட்டைத் திருத்தினர், காய்கறித் தோட்டம் இட்டனர், குடியேற்றம் நலமாகவே வளர்ந்தது. ஆயினும் 1792-இல் அதனை அங்கிருந்து பெயர்த்து, வடக்கு அந்தமானின் கீழ்க்கரையிலுள்ள மற்றொரு துறைமுகத்துக்குக் கொண்டு சென்றனர். பெரிய போர்க் கப்பல்கள் பல தங்குவதற்கு அதுவே தக்கது என்று கடற்படையினர் கருதியதே காரணம். பெயரும் குடியேற்றத்தோடு கூடவே சென்றது.

புதிய இடம் கப்பல்களுக்கு ஏற்றதாக இருந்தது. மனிதர்களுக்கோ அது ஏற்கவில்லை. காய்ச்சலும் சாவும் பெருகின. நான்கே ஆண்டுகளில், 1796-இல், குடியேற்றத்தையே கலைத்துவிட்டனர். அலுவலின் வசதி ஒன்றையே எண்ணி, உடம்புக்கு ஒத்த இடத்தைக் கைவிட்டதன் பலன் இது. மாற்றும்படி ஆணையிட்டவர்கள் அங்கே வாழப் போகிறவர்கள் அல்லர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

தெற்கே நிக்கோபார்த் தீவுகளின் அனுபவமும் இதனையொத்ததே. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறும் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படும் நாடு இதுவே. 1756-இல் டேனிஷ்காரர் இங்கே குடியேற முற்பட்டனர். தரங்கம்பாடியை ஆண்ட அதே டேனிஷ்காரர்தாம். மலைக்காய்ச்சல் அவர்களை நிலைக்க விடவில்லை. பின்னர் ஆங்கிலேயர் 1869-இல் நன்கவுரித் துறைமுகத்தில் கைதிகளின் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கி, 1888-இல் அதனை மூடினர். நன்கவுரி கண்ணுக்கினிய துறைமுகம் என்பதில் ஐயமில்லை. கண்ணுக்கு இனிய இடமெல்லாம் உடம்புக்கு இனிதாவதில்லை.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின், சிறைப்பட்டோரை அடைக்க இடம் வேண்டியதாயிற்று. டாக்டர் மௌவட் தலைமையில், பிளேஃபேர், ஹீத்கோட் ஆகிய இருவரும் சேர்ந்த குழு ஒன்று அவ்வாண்டின் இறுதியில் அந்தமானுக்குப் புறப்பட்டது. வடக்கே கைவிடப்பட்ட துறைமுகத்தையும் அவர்கள் பார்த்தனர். தெற்கே பிளேர் முதலில் தேர்ந்த பழைய துறைமுகத்தையும் பார்த்தனர். பழைய துறைமுகமே மேல் என்று தீர்ப்புக் கூறி, அதற்குப் போர்ட் பிளேர் என்று பெயரிடவும் பரிந்துரைத்தனர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காடு மண்டிக் கிடந்த இடத்தின் தகுதி மீண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற நகரம் இதுவே.

1858 மார்ச்சு 10-ஆம் நாள் டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்து சேர்ந்தார். முதலில் இறங்கியது பழைய சாத்தம் தீவில்தான். அங்கே போதிய தண்ணீர் கிடைக்கவில்லை. எனவே துறைமுகத்தின் வாயிலில் காவற்காரனைப் போல நிற்கும் ராஸ் தீவுக்குத் தலைமையிடம் மாறிற்று. ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அத்தீவே அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தமானின் தலைநகரமாக விளங்கியது.

ராஸ் தீவைத் தேர்ந்தவர்கள் ஆட்சியாளரின் கண் கொண்டு பார்த்துத் தேர்ந்தார்கள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் காய்ச்சல் அங்கே குறைவு, கடற்காற்று நிறைவு. கைதிகளின் கூட்டத்துக்கும் ஆதிக்குடிகளின் அம்புக்கும் இடையே கடலே அகழியாக நின்றது. 1859 மே மாதத்தில் அபர்தீன் கரையில் ஆதிக்குடிகள் நடத்திய தாக்குதலுக்குப் பின் அந்த அகழியின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. தலைமை ஆணையரின் மாளிகை, மாதா கோயில், ரொட்டிச் சாலை, மன்றங்கள், டென்னிஸ் ஆடுகளம், நீச்சல் குளம் என்று ஒரு சிற்றூருக்கு வேண்டியவை எல்லாம் அங்கே அமைந்தன. அதனைக் கீழ்த்திசைப் பாரிஸ் என்று புகழ்ந்தோரும் உண்டு. மாலையில் விளையாடவும் உலவவும் அதைவிடச் சிறந்த இடம் அக்காலத்துத் தீவுகளில் வேறில்லை.

ஆனால் அலுவலின் பெரும்பகுதி அக்கரையில் இருந்தது. சிறைக் கைதிகள், வயல், காடு, 1883-இல் சாத்தத்தில் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலை, 1906-இல் அட்லாண்டா முனையில் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலர் சிறை ஆகிய யாவும் கடலுக்கு அப்பால். அதிகாரிகள் படகேறிச் சென்று படகேறித் திரும்பினர். அப்படகுகளில் துடுப்புப் போட்டவர்கள் கைதிகள். கல் சுமந்து மாளிகை எழுப்பியவர்களும், காட்டை வெட்டியவர்களும், தோட்டத்துக்கு நீர் ஊற்றியவர்களும் அவர்களே. முதல் ஆண்டுகளில் அவர்களிடையே சாவு மிகுதியாக இருந்தது. ராஸ் தீவில் நல்ல காற்றுக்கும் குறைந்த பயணத்துக்கும் ஆன செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்டால், விடை இங்கே இருக்கிறது. வாடகைச் சீட்டில் தெரியாத வாடகையும் ஒன்று உண்டு. அதை வேறொருவர் செலுத்துவார்.

துறைமுகத்தின் வடகரையில் சுமார் 365 மீட்டர் உயரத்தில் ஹேரியட் மலை நிற்கிறது. 2021-ஆம் ஆண்டில் அதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் சூட்டப்பட்டது. 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இங்கு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் நினைவாக அப்பெயர். ஆங்கிலேயத் தலைமை ஆணையர் கோடைக் காலத்தைக் கழித்தது அம்மலையில்தான். அங்கிருந்து தெரியும் காட்சியே பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்தது என்பர்.

இடம் தேடுவதோடு தொடர்புடைய ஒரு துயர நிகழ்ச்சியும் இம்மலைக்கு உரியது. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் மாலை, இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு இம்மலை மீது ஏறினார். நோயாளிகள் உடல் தேற ஓர் இல்லம் அமைக்க அந்த இடம் தக்கதா என்று பார்ப்பதே நோக்கம். கதிரவன் மறையும் அழகை அங்கிருந்து கண்டு மகிழ்ந்தார். இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. அடிவாரத்தில் ஹோப் டவுன் படகுத்துறையில் தீவட்டி வெளிச்சத்தில் படகேற நடந்தபோது, ஷேர் அலி என்ற கைதி பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினான். வைசிராய் உயிர் துறந்தார். அரசியல் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கு உள்ள இடம் வேறு. நாம் குறிக்க வந்தது ஒரு சிறிய செய்தியே: மலையின் காற்றை ஆராய்ந்தவர்கள், இருட்டிய பின் துறைக்குத் திரும்பும் வழியை அவ்வளவாக ஆராயவில்லை.

ராஸ் தீவின் பெருமையும் நிலைக்கவில்லை. 1941 ஜூன் 26-ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் கட்டடங்கள் சேதமுற்றன. 1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியர் வந்தனர். 1945 வரை ஆண்டனர். போர் முடிந்து பழைய ஆட்சி திரும்பியபோது கைதிக் குடியேற்றம் முடிவுற்றது; தலைமையிடமும் ராஸுக்குத் திரும்பாமல் அபர்தீன் கரையிலேயே நிலைத்தது. காவல் ஆட்சிக்கு ஏற்ற தீவு, மக்கள் ஆட்சிக்கு வேண்டியதாக இல்லை. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் இன்று ஆலமரத்தின் வேர்கள் சுவர்களைத் தழுவி நிற்கின்றன; மான்கள் மேய்கின்றன. டென்னிஸ் ஆடிய இடத்தை வழிகாட்டி சொல்லித்தான் அறிய வேண்டும்.

விடுதலைக்குப் பின் இடம் தேடி வந்தவர்கள் வேறு வகையினர். 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள் வந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரும், பிழைப்புத் தேடித் தாய்நாட்டுக் கரையிலிருந்து வந்த தமிழரும் குடியேறினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களிற் சில கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இடம் பெற்றன. 1969 முதல் முன்னாள் படைவீரர்கள் பெரிய நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்டனர். 1951-இல் 31,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 3,80,000-ஐத் தாண்டிற்று. அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இவர்களிற் பலருக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. கொடுத்த இடத்தை ஊராக்கிக் கொண்டார்கள் என்பதே அவர்களின் பெருமை.

கடைசிப் பாடம் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கற்பிக்கப்பட்டது. அன்றைய பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நகருக்கு அருகே சிப்பிகாட் பகுதியின் நெல்வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. தென்கோடியில் இந்திரா முனையின் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரச் சிற்றூர்களைத் துடைத்துச் சென்றது. கடலோரத்தில் பல தலைமுறை வாழ்ந்த நிக்கோபாரிகள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தனர். கடலைக் கண்ட கண்ணுக்கு மேட்டு நிலம் அயலாகவே இருந்திருக்கும். கடலோர வீட்டுக்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அதன் கணக்கு நூறாண்டுக்கு ஒருமுறைகூட வரலாம் என்பதையும் அந்நாள் உணர்த்திற்று.

இனி நம் கதைக்கு வருவோம். நம் முன் மூன்று இடங்கள் இருந்தன. அபர்தீன் கடைவீதியை ஒட்டிய வீடு அலுவலகத்துக்கு நடக்கும் தூரம். வாடகையோ சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும். காராசர்மா பக்கம் வாடகை தணிவு. பேருந்தில் நின்றுகொண்டு போக வேண்டும். மூன்றாவது, துறைமுகத்தின் வடகரையிலுள்ள பாம்பூ பிளாட். வாடகை மிகக் குறைவு. வாயிலில் நின்றால் மணிப்பூர் மலை தெரியும். அதிகாலையில் காட்டுப் பாதையில் நடந்து பறவைகளைப் பார்க்கலாம். சாத்தத்திலிருந்து படகில் ஏறினால் சிறிது நேரத்தில் அக்கரை சேரலாம். சாலை வழியே சுற்றி வருவதாயின் பல பத்துக் கிலோமீட்டர் ஆகும். நம் மனம் அங்கேயே சென்றது. படகுப் பயணத்தைப் பயணமென்றே நாம் எண்ணவில்லை, உல்லாசமென்று எண்ணினோம்.

நம்முடன் வயது முதிர்ந்த தாயார் இருக்கிறார்கள். மூச்சிரைப்பு உண்டு. பெரிய மருத்துவமனை இருப்பது அட்லாண்டா முனையில், செல்லுலர் சிறையின் அருகே. நாம் மலையையும் படகையும் வருணித்ததைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த தாயார், "எல்லாம் சரியப்பா, நடுச்சாமத்தில் எனக்கு மூச்சு முட்டினால் எந்தப் படகு வரும்?" என்று கேட்டார்கள். புயற்சின்னம் தோன்றிக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் பகலிலேயே படகு நின்றுவிடுவதுண்டு. நமக்கு ஹோப் டவுன் துறையின் தீவட்டிகள் நினைவுக்கு வந்தன.

வரலாறு நமக்குச் சொன்னதை மூன்று சொற்களில் அடக்கலாம்: நீர், வழி, வெளி. நீர் என்பது உடல்நலத்துக்கு ஆதாரமான யாவும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்வூரிலும், கோடை நீண்டால் குழாய்நீரை முறைவைத்து விட நேர்ந்ததுண்டு. ஆகவே தொட்டியைப் பாராமல் வீட்டைப் பார்க்கக் கூடாது. வழி என்பது நல்ல நாளில் போகும் வழியன்று. கெட்ட நாளில் திரும்பும் வழி. வெளி என்பது காற்றும் கடலும் மலையும் தரும் இன்பம். மூன்றும் வேண்டும். ஆனால் வெளியைத் தேடி நாம் போகலாம். நீரும் வழியும் நம்மிடம் இருக்க வேண்டும். நம் முடிவின் பாரத்தை வீட்டில் மெலிந்தவர் சுமக்கும்படி ஆகிவிடவும் கூடாது.

ஆகவே நகரப் பக்கத்தில், ஹாடோவின் சரிவில், இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றை அமர்த்தினோம். வாடகை நாம் நினைத்ததைவிட அதிகம்; புத்தகச் செலவைக் குறைத்துச் சரிக்கட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாத்தத்தில் படகேறி அக்கரை சென்று, மலையேறி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறோம். மற்ற நாள்களில் மாலையில் திண்ணையில் தாயாருடன் அமர்ந்து, அந்தப் படகு விளக்கேற்றிக்கொண்டு துறைமுகத்தைக் கடப்பதைப் பார்க்கிறோம். "உன் படகு போகிறது பார்" என்பார்கள் தாயார்.